கூலர் லைன் ஒழுகிய புதன்கிழமை: தாம்பரம் முதல் சிதம்பரம் வரை

சிதம்பரத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. புதன்கிழமை, காலை பத்தரை முதல் பன்னிரண்டுக்குள். பன்னிரண்டு அடித்தால் ராகு காலம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த ஒரே தாய்மாமன் நான். நான் போய்ச் சேராவிட்டால் மாப்பிள்ளையின் பெரியப்பா பையன் மடி தயாராக இருந்தது. அவனுக்கு அந்த மரியாதை போவதை என்னால் சகிக்க முடியாது. பிள்ளைக்கு மூன்று வயது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழில் மாப்பிள்ளை என் பெயரை விட்டுவிட்டார். அதன்பிறகு மூன்றரை வருடம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அச்சகத்தின் தவறு என்றார். அச்சகத்துக்கு என் மேல் என்ன விரோதம்?

தாம்பரத்திலிருந்து காலை 4.50-க்குக் கிளம்பினேன். பின்னால் டிக்கியில் பதினொரு தட்டுச் சீர்: பட்டுப்பாவாடை, கொலுசு, மாலை, பழம், இன்னபிற. மனைவிக்குப் பள்ளியில் தேர்வுப் பணி, அதனால் தனியாக. என்னுடையது பதினொரு வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார். மூன்று வாரம் முன்புதான் சர்வீஸ் விட்டு, ‘எல்லாம் பக்கா சார்’ என்று எழுதித் தராத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

திண்டிவனம், புதுச்சேரி வழியாக 8.25-க்குக் கடலூர் மஞ்சக்குப்பம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காரின் முன்பக்கம் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக எண்ணெய். இந்த வகைக் கார் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கியர்பாக்ஸின் எண்ணெய் சூடாகிவிடும் என்பதால், இரண்டு குழாய் வழியாக அதை முன்னால் ரேடியேட்டர் வரை அனுப்பி ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். அதுதான் கூலர் லைன். அதில் ரப்பர் குழாயை இரும்பு முனையோடு நெரித்துச் சேர்க்கும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் கசிவு.

பக்கத்து மெக்கானிக் ஷெட் ஒன்பதுக்குத் திறந்தது. அவர் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, பவர் ஸ்டீயரிங் ஆயில், ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார். இந்தக் காரில் ஸ்டீயரிங்குக்கு எண்ணெயே கிடையாது, மோட்டார்தான் என்றேன். படித்தவன் வந்து கழுத்தறுக்கிறான் என்ற முகத்தோடு, அப்படியானால் பாண்டிக்குக் கட்டி இழுத்துப் போங்கள் என்றார்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன். சின்ன ஆயில் கசிவு என்றேன்.

“மச்சான், நீங்க இன்னா பண்றீங்க, முதுநகர்ல போட்டுக்கு ஹோஸ் போடுற சேவியர் இருக்காரு. வர்ற வழிதான். அங்க நிறுத்திடுங்க.”

மாப்பிள்ளை இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்பவர். மீன்பிடிப் படகுக்குக் குழாய் போடுபவரிடம் என் காரைக் காட்டச் சொல்கிறார். சரி சரி என்று போனை வைத்தேன். மெக்கானிக்கிடமே எதையாவது செய்யச் சொன்னேன். சைக்கிள் ட்யூபைப் பட்டையாகக் கிழித்துக் கசிந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினார். 200 ரூபாய். மணி 9.40. முதுநகரில் சேவியரின் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே தாண்டினேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து சரியாகப் பதினோராவது கிலோமீட்டர், செம்மங்குப்பம். ரசாயனத் தொழிற்சாலை வாடை மூக்கில் ஏறிய இடத்தில் இன்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் பின்னால் நூறடிக்குச் சிவப்புக் கோடு. மணி 10.02. சிதம்பரத்துக்கு இன்னும் 34 கிலோமீட்டர். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. பதினொரு தட்டுச் சீரோடு தாய்மாமன் பஸ்ஸில் தொற்றிப் போவதை அந்தப் பெரியப்பா பையன் பார்க்க வேண்டுமா?

மாப்பிள்ளையை நானே அழைத்தேன். மூன்றரை வருடத்தில் நானாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

“சேவியர் கடையத் தாண்டிட்டீங்களா?” என்றவர், அப்புறம் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். “அங்கயே நில்லுங்க மச்சான். ஆள் வருது.”

10.20-க்கு சேவியர் மொபெட்டில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். குனிந்து சைக்கிள் ட்யூபைப் பார்த்தார்.

“இது யாரு சார் கட்டுனது? மாட்டுக்குக் கால் ஒடிஞ்சா கட்டுற மாதிரி.”

சூட்டோடு குழாயைக் கழற்றி, பழைய எண்ணெயை டப்பாவில் பிடித்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு முதுநகர் போனார். படகில் வலை இழுக்கும் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய்க் குழாயை அளந்து வெட்டினார். பழைய இரும்பு முனைகளை அறுத்தெடுத்து, புதுக் குழாயில் வைத்து அழுத்து மெஷினில் நெரித்தார். எட்டே நிமிடம். “போட்டு ஹோஸ் சார். பழசைவிட அஞ்சு பங்கு அழுத்தம் தாங்கும்.” குழாயும் கூலியும் 1,450. பக்கத்துக் கடையில் சாதாரண கியர் ஆயிலை நீட்டினார்கள். காரின் கையேட்டில் போட்டிருக்கும் வகைதான் வேண்டும் என்று சண்டை போட்டு மூன்று லிட்டர் வாங்கினேன், 2,400. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. திரும்பி வந்து குழாயை மாட்டி, எண்ணெய் ஊற்றி, 11.12-க்குக் கார் நகர்ந்தது.

தெற்கு வீதி மண்டபத்துக்கு 11.51. சட்டையில் எண்ணெய், தட்டுகளில் பாதி மற்றவர்கள் கையில். ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். பிள்ளையை மடியில் வைத்ததும் அது விறைத்துக்கொண்டு, “யாரு இது?” என்று அம்மாவைக் கேட்டது. தங்கை என்னைப் பார்க்காமல், “மாமாடி” என்றாள். பிள்ளை நம்பவில்லை. கை காலை உதறிக் கத்தியதில் ஆசாரி பின்வாங்கினார்.

“பழகுனவுங்க மடியில வைங்கம்மா. நேரம் இல்ல.”

பெரியப்பா பையன் எழுந்தேவிட்டான். நியாயமாகப் பார்த்தால் அவன்தான் பழகியவன்.

“நீ உக்காரு,” என்றார் மாப்பிள்ளை அவனிடம். “மச்சான் மடிதான். அழுவட்டும், அழுதா இன்னா?” அவரே மண்டியிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். வலது காது 11.56, இடது காது 11.58. என் கட்டைவிரலில் அவள் கடித்த தடம் இரண்டு நாள் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கொலுசைப் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து நாலு அடி தள்ளி நின்று, வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: கிளம்புவதற்கு முந்தின இரவு வண்டியடியில் ஓர் அட்டையை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். சிவப்புச் சொட்டு இருந்தால் ட்யூப், டேப், பசை எதற்கும் காசு கொடுக்காதீர்கள். குழாயையே மாற்ற வேண்டும். கியர் ஆயில் அளவை என்ன முறையில் பார்ப்பது என்று கையேட்டில் படியுங்கள். என் காரில் இன்ஜின் ஓடும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். கடலூர் முதல் சிதம்பரம் வரை நல்ல சாலைதான், 45 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் வையுங்கள். விசேஷத்துக்குப் போவதானால் முந்தைய நாளே போய்விடுங்கள். எனக்கும் தங்கை அதைத்தான் சொன்னாள். அவர்கள் வீட்டில் தங்க வேண்டுமே என்றுதான் நான் விடியலில் கிளம்பினேன்.

சேவியரின் எண் வேண்டுமென்றால் பின்னூட்டத்தில் கேளுங்கள். என்னிடம் இல்லை. மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கித் தருகிறேன்.