வந்து போன வாசம்

அம்மாவின் மூக்கில் சதை ஏன் திரும்ப வளர்ந்தது? இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தால், என் மகளின் விஷயத்தில் இப்படித் தவித்துக்கொண்டிருக்க மாட்டேன். அவளுக்கும் ஓயாத சைனஸ். மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையை எடுத்துவிடலாம், அதற்கும் சரியாகாவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் சைனஸ் வழியைத் திறக்கலாம் என்கிறார் புதுக்கோட்டை டாக்டர். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் ஸ்பிரே அடித்து, உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவிப் பார்க்கலாமாம். வெளிநாட்டில் இருக்கும் என் கணவர் என்னையே முடிவெடுக்கச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குச் சிகிச்சை நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊர். மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்ததால் அம்மா வாயால்தான் மூச்சு விடுவாள், வாசமே தெரியாது. தஞ்சாவூர் டாக்டர் இரண்டு வழி சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற சதையை மட்டும் எடுப்பது ஒன்று. கேமரா வைத்த குழாயை விட்டு உள்ளேயும் சுத்தம் செய்வது இன்னொன்று. இரண்டாவதில் கருவி கண்ணுக்கு அருகில் போகும் என்று கேட்டதும் அப்பா பயந்து, முதலாவதே போதும் என்றுவிட்டார்.

சதையை எடுத்து வீடு திரும்பிய அம்மா ஒருநாள் என்னை இழுத்து வைத்துத் தலையை முகர்ந்தாள். "ஒந்தலை இந்த நாத்தம் நாறுது, ஒருத்தரும் சொல்லலையேடி" என்று சிரித்தாள். எனக்குக் கோபம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் நோய் கழிந்தது என்பது எங்கள் வழக்கம். ஈரத்தலைக்குச் சாம்பிராணியும் போட வேண்டும். அதற்காகவே அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, திருமயத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டாக்டரு சொன்னது ஒங்க பீடிப் பொகையத் தம்பி. இது சாமிக்குப் போடுறது" என்றாள் பெரியம்மா.

அம்மா கூந்தலை விரித்துப் புகைச்சட்டியின் மேல் குனிந்தாள். தும்மல் தொடங்கியது, நிற்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக் கங்கு சுரீரென்றது. கெட்ட ரத்தம் போகட்டும் என்றாள் பெரியம்மா. ரத்தம் ஒருவழியாக நின்றது. ஆனால் அந்தப் பயத்தில், டாக்டர் தினமும் செய்யச் சொல்லியிருந்த மூக்குக் கழுவலையும் ஸ்பிரேயையும் அம்மா விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து, பள்ளி விட்டு வந்தபோது வாசலிலேயே பால் தீய்ந்த வாடை. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கத்தியதும் நிமிர்ந்து பாலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியும்டி. ஒனக்குச் சொரண்டித் தரத்தான் விட்டேன்."

நான் நம்பினேன். கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றேன். அதன்பிறகு குழம்பு கொதிக்கும்போதெல்லாம் வாசம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். சமையலுக்கு என் யோசனை வேண்டியிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. திரும்பக் கிடைத்ததை மறுபடி இழந்துவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமல் ஒருத்தி வீட்டுக்குள் நடமாட முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

சின்ன அறுவைச் சிகிச்சையாலா, புகையாலா, கழுவாமல் விட்டதாலா, எதனால் வளர்ந்தது என்று டாக்டர்களாலும் இப்போது சொல்ல முடியவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை செய்திருந்தால், அல்லது வேண்டாமென்று காத்திருந்தால், பிறகு என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். நன்றாக இல்லையென்றாலும் மறைக்காமல் எழுதுங்கள்.