மரண சாதனத்தில் இல்லாத மகள்

என் மகள் பிறந்து ஏழாவது கிழமை, டோர்ட்மண்ட் நகரப் பதிவுக் கந்தோரில் ஒரு தாளை என் முன்னால் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிள்ளையின் பெயர் சரியாக இருந்தது. பிறந்த ஆஸ்பத்திரி சரி, தகப்பன் பெயர் சரி. என் பெயருக்குக் கீழே மட்டும் ஒரு வரி கூடுதலாக அடித்திருந்தார்கள்: தாயின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை.

நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

"இது வழமையாகச் சேர்க்கிற வரிதான்," என்றார் அதிகாரி. என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். "பிள்ளைக்கு இதனால் ஒன்றும் குறையாது. ஆவணம் வந்தால் பிறகு எடுத்துவிடலாம்."

"வராவிட்டால்?"

"வராவிட்டால் அப்படியே இருக்கும்."

பதினாறு மணித்தியாலம் நொந்து அந்தப் பிள்ளையைப் பெற்றேன். நான் பெற்றதற்கு இரண்டு மருத்துவிச்சிகளும் ஒரு டொக்டரும் சாட்சி. ஆனால் என்னை யார் பெற்றது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சாட்சியும் இல்லையாம். அதற்காக என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும்போதும், வேலைக்குப் போகும்போதும், கலியாணம் எழுதும்போதும் அந்த வரியைக் காவிக்கொண்டு போகவேண்டும். போடமாட்டேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்கு வசதியாகப் போயிருக்கும்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் எங்கள் பகுதியின் பிறப்புப் பதிவுகள் இருந்த கந்தோர் சண்டையில் எரிந்து போயிருந்தது. என் பிறப்புப் பத்திரத்தின் பழைய பிரதி ஒன்று கையில் இருந்தாலும், புதிதாக எடுத்து முத்திரை குத்தியதுதான் வேண்டுமென்றார்கள். எரிந்த புத்தகத்திலிருந்து எப்படிப் புதிதாக எடுப்பது என்று கேட்டேன். அதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. கொழும்பில் எழுதிய விவாகப் பத்திரத்தைக் காட்டினேன். அதில் இருப்பது நீங்களே சொன்ன விபரம்தானே என்றார்கள். ஞானஸ்நானச் சீட்டைக் கொடுத்தேன். அதில் என் அம்மாவின் பெயரும் அம்மாவின் தகப்பன் பெயரும் இருந்தன. இதை உறுதிப்படுத்தும் வேறு பழைய ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இருந்தது. கொழும்பில் இருந்த என் மூத்த மாமாவிடம், அவருக்கும் என் அம்மாவுக்கும் தகப்பனானவரின் மரண சாதனம் இருந்தது. உயில் என்று மற்ற இடங்களில் சொல்வார்கள். எங்கள் சனம் ஊரைவிட்டு ஓடும்போது முதலில் தூக்குவது காணி எழுத்துகளைத்தான். பிறப்புப் பத்திரம் யாருக்கு வேண்டும், பிறந்தவன்தான் பக்கத்திலேயே ஓடி வருகிறானே. மாமா பிரதி எடுத்து அனுப்பினார். டுசல்டோர்ஃபில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து ஜெர்மனில் மாற்றி, முத்திரை வாங்கி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதுதான் நான் என் தலையில் நானே அள்ளிப் போட்ட மண்.

அந்த மரண சாதனத்தில் மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் காணி பிரித்து எழுதியிருந்தது. என் அம்மாவின் பெயர் பங்காளிகளில் இல்லை. எங்கள் ஊரில் அதை வாசிக்கிற எவரும், மகளுக்கு முதலே சீதனம் கொடுத்தாயிற்று என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்குப் பிறகு தகப்பன் சொத்தில் பங்கு கிடையாது. அந்த வழக்கம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். மகள் பெயர் அங்கே இல்லாவிட்டால் அவளுக்குக் காலாகாலத்தில் கலியாணம் நடந்தது என்று அர்த்தம். டோர்ட்மண்ட் கந்தோரில் அதற்கு வேறு அர்த்தம்: இந்த மனிதருக்கு மூன்று மகன்மார், மகள் கிடையாது, ஆகவே மனுதாரர் சொல்லும் தாய் சந்தேகத்துக்குரியவர்.

இல்லாதவளாக்கப்பட்ட என் அம்மா அப்போது வன்னியில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தார். கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம் எடுக்கும். உங்களை மகள் இல்லை என்று சொல்கிறார்கள் அம்மா என்று எந்தக் கையால் எழுதுவது?

வீட்டில் இவர், பிள்ளையின் தகப்பன், பயந்து போயிருந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பிள்ளையை மருத்துவக் காப்புறுதியில் சேர்க்கமுடியாது. காப்புறுதிக்காரர் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள்.

"ஒரு வரிதானே. நீர் கையெழுத்தைப் போட்டுவிடுமன்," என்றார். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யிறது?"

"காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவன். அந்த வரிக்குக் கீழை மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"உம்மடை பிடிவாதத்தாலை பிள்ளைதான் கஷ்டப்படப்போகுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒவ்வொரு நாளும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல ஏலாது.

பிள்ளை பிறப்பதற்கு முன்பிருந்தே நான் ஒரு அமெரிக்கப் பெண்ணின் வீட்டைத் துப்புரவு செய்துவந்தேன். ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர், கணவர் இறந்தபிறகும் திரும்பிப் போகவில்லை. பிள்ளையைக் கூடையோடு கொண்டுவரச் சொல்லிவிட்டார். நானும் செவ்வாய், வெள்ளியில் பழையபடி போகத் தொடங்கினேன். இரண்டு பேருக்கும் ஜெர்மன் அந்நிய மொழி என்பதால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

அவருடைய சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை. முழுக்க இங்கிலாந்திலிருந்து எடுப்பித்த பழைய மரண சாதனங்களின் பிரதிகள், கோயில் பதிவுகள், காணி எழுத்துகள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் அவருடைய வம்சத்துப் பெண் ஒருத்தி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிருக்கிறாள். அவள் யாருடைய மகள் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த அமெரிக்கப் பெண்ணின் வேலை. ஒன்பது வருடமாகத் தேடுகிறார். அந்தப் பெண்ணிடம் கடவுச்சீட்டு இருக்கவில்லை, விசா இருக்கவில்லை, முத்திரை குத்திய பத்திரம் ஒன்றும் இருக்கவில்லை. அவளை ஒருவரும் அகதி என்று சொன்னதில்லை. முதலில் குடியேறியவர்களில் ஒருத்தி என்று சொல்லி, அவள் வம்சத்தில் வந்தவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். நான் அந்த மேசையைத் தூசு தட்டும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கொதிக்கும். அவர் நல்ல மனுசி. அதனால் வாயைத் திறக்காமல் தட்டினேன்.

கையெழுத்துப் போடாமல் வந்த கிழமை வெள்ளிக்கிழமை அவர் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவரும் இல்லை," என்றார். அவர் கையில் ஒரு துணி வியாபாரியின் மரண சாதனம் இருந்தது. "ஊர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது. ஆனால் இரண்டு மகன்மாருக்கும் கடைசி மகளுக்கும்தான் எழுதியிருக்கிறார். அவள் பெயர் இல்லை. ஆகவே அவள் இவருடைய மகள் இல்லை."

கந்தோரில் கேட்ட அதே வசனம். என் கையிலிருந்த துணியை மேசையில் போட்டேன்.

"பெயர் இல்லாவிட்டால் மகள் இல்லையா? உங்களுக்கெல்லாம் யார் அப்படிச் சொல்லித் தந்தது?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்தில் நான் அவரோடு அப்படிப் பேசியதே இல்லை. தொடங்கியது தொடங்கியாயிற்று, முழுவதையும் சொன்னேன். கந்தோர், அந்த வரி, என் அம்மா, சீதனம், எல்லாம். "அவளுக்குக் கலியாணத்தின்போதே காணி கொடுத்து அனுப்பியிருப்பார். சாகும்போது பிறகு என்னத்துக்கு எழுதுவார்? கடைசி மகளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை, அதனால் எழுதியிருக்கிறார். உங்கள் ஆட்களும் எங்களைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள், நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள்."

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டார். அந்தத் தாளைக் கிட்ட இழுத்தார்.

"கொடுத்திருந்தால் அந்தக் காணி எங்கேயாவது இருக்கவேண்டுமே," என்றார் தனக்குள் பேசுவது போல. "தகப்பன் காணியில் வெட்டிக் கொடுத்ததென்றால் மிச்சக் காணிக்குப் பக்கத்தில்தானே இருக்கும்." விரலை வரிகளில் வைத்து மூத்த மகனுக்கு எழுதிய நிலத்தின் எல்லைகளை வாசிக்கத் தொடங்கினார். வடக்கே தெரு. மேற்கே கோயில் நிலம். தெற்கே இன்னாருடைய புல்வெளி.

எனக்கு அதற்குமேல் அவர் வாசித்தது காதில் விழவில்லை. எங்கள் எழுத்துகளிலும் நாலு பக்க எல்லை இருக்கும். வேலிச் சண்டை வந்தாலொழிய ஒருவரும் அதை வாசிக்கமாட்டார்கள். பங்கு யாருக்கு, எத்தனை பரப்பு என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அதைவிட மோசம், மொழிபெயர்ப்பாளரிடம் நானே சொல்லியிருந்தேன்: "எல்லையெல்லாம் தேவையில்லை அண்ணை, பிள்ளையளின்ரை விபரத்தை மட்டும் எழுதுங்கோ, காணும்." அவரும் 'வழமையான எல்லைகளுடன்' என்று ஜெர்மனில் மூன்று சொல்லில் முடித்திருந்தார்.

பாதி வேலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமா அனுப்பிய பிரதியை எடுத்துக் குசினி மேசையில் விரித்தேன். எழுத்துக்காரரின் கோணல் எழுத்து, ஒரே மூச்சில் ஓடுகிற வசனம். மூத்த மகனுக்கு எழுதிய வளவு. வடக்கு, தெருவுக்குப் போகும் ஒழுங்கை. மேற்கு, எல்லாருக்கும் பங்கு விட்ட கிணறும் வாய்க்காலும். தெற்கு, தம்பியாரின் தோட்டம். கிழக்கு, எனது மகளும் இன்னாரின் பெண்சாதியுமாகிய இன்னாளுக்கு நான் சீதனமாகக் கொடுத்த காணி.

என் அம்மாவின் பெயர் முழுசாக இருந்தது. என் அப்பாவின் பெயரும் இருந்தது. நான் குசினித் தரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். சந்தோசத்தைவிட ஆத்திரம்தான் கூட. இத்தனை நாளும் அம்மா அந்தத் தாளிலேயே இருந்திருக்கிறார். இல்லை என்று சொன்னவர்களோடு சேர்ந்து நானும் அவரைத் தாண்டி வாசித்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே மொழிபெயர்ப்பாளருக்கு ரெலிபோன் எடுத்தேன். "எல்லா எல்லையையும் எழுதவேணும் அண்ணை. ஒழுங்கை, கிணறு, வாய்க்கால் எல்லாம்," என்றேன்.

"தங்கச்சி, கிணத்தைக் கேட்டு ஜெர்மன்காரன் என்ன செய்யப்போறான்?"

"அவன் என்னவும் செய்யட்டும். நீங்கோ எழுதுங்கோ."

செவ்வாய்க்கிழமை அமெரிக்கப் பெண்ணிடம் சொன்னபோது அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கந்தோருக்குத் தானும் வருவதாகச் சொன்னார். தன்னைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தால் மரியாதையாகப் பேசுவார்கள் என்றார். அது உண்மை. அதனாலேயே வேண்டாம் என்றேன். இன்னொருவர் வந்து இவள் நல்லவள் என்று சொல்லித்தான் என் அம்மா எனக்குத் தாயாக வேண்டுமா? அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதற்காக நான் முடிவை மாற்றவில்லை. அவருடைய துணி வியாபாரியின் எல்லைகளில் அந்தப் பெண் அகப்படவில்லை. அக்கம்பக்கத்துக் காணிகளின் எழுத்துகளுக்கு இங்கிலாந்துக்கு எழுதியிருந்தார். நான் வேறு வேலைக்குப் போகும்வரை பதில் வந்துகொண்டே இருந்தது.

புதிய மொழிபெயர்ப்போடு நானும் கணவரும் போனோம். அதிகாரி இரண்டு முறை வாசித்தார். பிறகு பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"உங்கள் தாயார் எல்லையில்தான் இருக்கிறார்," என்றார்.

"அவருடைய காணி அங்கேதான் இருக்கிறது," என்றேன்.

மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்றார். ஆறு கிழமை பிடித்தது. அந்த ஆறு கிழமையும் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. அது என் கெட்டித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஏழாம் கிழமை நாளும் நேரமும் குறித்து டெர்மின் கொடுத்துக் கூப்பிட்டார்கள். தாள் தயாராக இருந்தது. அந்த வரி இல்லை. ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இவருக்கு நெற்றி வியர்த்திருந்தது, துடைத்துக்கொண்டார்.

"வாழ்த்துகள்," என்றார் அதிகாரி, உண்மையான சிரிப்போடு. "உங்கள் அடையாளம் இப்போது நிரூபிக்கப்பட்டுவிட்டது."

"பழைய தாளைக் கிழித்துப் போடுவீர்களா?"

"கோப்பில் இருப்பதை எடுக்கமுடியாது. அது அங்கேதான் இருக்கும்."

அப்படியானால் எனக்கும் ஒரு தாள் தாருங்கள் என்றேன். தந்தார். இவர் என் காலைத் தட்டினார். நான் தமிழில் எழுதினேன்: இந்தப் பிள்ளையின் தாய் யார் பெற்ற மகள் என்று இந்தக் கந்தோருக்குத்தான் தெரியாமல் இருந்தது. எங்களுக்கு எப்போதும் தெரியும். கீழே என் பெயரையும், அம்மாவின் பெயரையும், அம்மாவின் அம்மாவின் பெயரையும் எழுதி, பழைய தாளுக்கு மேலே வைக்கச் சொன்னேன்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்களுக்கு விளங்காதே. ஜெர்மனில் எழுதித் தரமுடியுமா?"

"மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள்," என்றேன். "ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்."