பரம்படித்த நந்தவனம்

குடுமியான்மலைக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. கோவிலுக்குப் பூக் கொடுப்பதற்காக ராஜா காலத்தில் என் புருஷன் வீட்டாருக்கு விட்ட நந்தவனம். கிணறு வற்றி, மாமனார் காலத்திலேயே செடிகள் பட்டுப்போய்ப் புல்தரையாகிவிட்டது. சமஸ்தானம் போன சில வருஷத்தில் காகிதம் வந்தது. தோட்டம் இருந்த அடையாளத்தை அதிகாரி நேரில் பார்ப்பாராம்; இல்லையென்றால் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடுமாம். பட்டயத்தையோ கரையான் தின்றிருந்தது. அந்த நிலத்தை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை.

பத்து நாள் விடியற்காலையில் போனேன். உச்சி வெயிலில் அங்கே ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழும்போது தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தால் மேடு பள்ளம் நிழல் காட்டும். பைத்தியம் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கிணற்றிலிருந்து கணுக்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் விரற்கடை உயரத்தில் பாத்தி வரப்புகள், மூலையில் ஒரு சதுர மேடை. பார்த்த இடத்திலெல்லாம் ஆவாரங்குச்சி நட்டேன்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் என் தங்கைக்கு வளைகாப்பு. போய்விட்டு மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பி, நேரே நிலத்துக்குப் போனேன். என் புருஷன் ஏர் ஓட்டிப் பரம்படித்து, ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டி, களம்போல் சமமாக்கியிருந்தார். என் குச்சிகளைக் கட்டாகக் கட்டி ஓரமாக வைத்திருந்தார்.

“பெரிய மனுசன் காலு வைக்கிற எடம். மேடும் பள்ளமுமாவா விட்டு வைக்கிறது?” என்றார்.

அவரை அடிக்கலாம் போல் வந்தது. நான் எதற்காகத் தரையில் கிடந்தேன் என்று அந்தப் பத்து நாளில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் திமிர்.

உச்சி வெயிலில் ஜீப் வந்தது. நான் ஓடி ஓடிக் காட்டினேன். காட்டிய இடமெல்லாம் ஒரே மண். அடையாளம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

ஜீப் நிலத்துக்குள்ளேயே திரும்பியது. பின்சக்கரம் பொதுக்கென்று புதைந்தது. முந்தின நாள் மூடிய வாய்க்கால்!

“இதுதாங்க! இங்கதாங்க வாய்க்கா!” என்று கத்தினேன்.

“எழுதியாச்சும்மா. தள்ளிவிடுங்க” என்றார் அவர்.

நானும் என் புருஷனும் தோள்கொடுத்துத் தள்ளினோம். எங்கள் நிலத்தைக் கொண்டுபோன வண்டியை நாங்களே மேட்டில் ஏற்றிவிட்டோம்.