தேத்தண்ணி நேரத்தில் நடந்த தெரிவு

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், தலைவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் போட்டியிட்டால் வாக்கெடுப்புத் தேவையில்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சில கிழமைகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், புலம்பெயர்ந்து நாங்கள் வந்து சேர்ந்த நோபல் பார்க்கில் வாடகைக்கு எடுக்கிற கூட்ட ஹோலுக்கு எல்லாரையும் கூப்பிடுவார்கள். தலைவராக விரும்புகிறவர்கள் ஆளுக்கொரு சுவரோரம் நிற்க வேண்டும். மற்றவர்கள் தங்களுக்கு விருப்பமானவரின் பக்கம் போய் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் ஆட்கள் கூடவோ அவர்தான் வேட்பாளர். மற்றவர் சிரித்துக்கொண்டு விலக வேண்டும். பிறகு பொதுக்கூட்டத்தில் "ஏகமனதாகத் தெரிவு" என்று கை தட்டுவார்கள்.

ஏகமனது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனையோ மனங்களை நசுக்கித்தான் அந்த ஒரு மனதைச் செய்கிறார்கள்.

அந்த வருடம் என் தோழி நின்றாள். அவளும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். புதன்கிழமை அவளுக்கு லீவு நாள். அந்த நாளில் எங்கள் தமிழ் ஆட்களில் வயதானவர்களைச் சங்க ஹோலில் கூட்டி வைத்திருப்பாள். பிரஷர் பார்ப்பாள். அரசாங்கக் கடிதங்களை வாசித்துச் சொல்லுவாள். மிச்ச நேரம் அவர்கள் கரம் போட் விளையாடிச் சண்டை பிடிப்பார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தச் சனத்துக்கு அது ஒன்றுதான் வெளி உலகம்.

எதிர்ப்பக்கம் நின்றவர் கிளீனிங் கொன்ராக்டர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைகளைப் பெரிதாக எடுத்து எங்கள் ஆட்களை வைத்துச் செய்விக்கிறார். புதிதாக வந்தவர்களுக்கு முதல் வேலை அவரிடம்தான் கிடைக்கும். நல்ல மனுசன் என்றுதான் ஊர் சொன்னது. தான் வந்தால் புதன்கிழமை ஹோலை நடன வகுப்புக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். வகுப்பு நடத்துவது அவருடைய மச்சாள். தற்செயல் என்று நீங்கள் நினைத்தால் நினையுங்கள்.

தோழி வெல்லாவிட்டால் புதன்கிழமை போய்விடும். எனக்கு வேறு எதுவும் முக்கியமாக இருக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின கிழமை செயலாளருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, புதன்கிழமை வாற அன்ரியவை அங்கிளவை குளிருக்குள்ள ஆறு மணிக்கு எப்பிடி வருவினம்? ஞாயிறு பின்னேரம் பஸ்ஸும் குறைவு. எங்கட பிள்ளையள் கனபேர் ஷிஃப்டில. போனில வோட்டுப் போட ஏலாதோ?"

"வந்து நிக்கிற ஆக்களுக்குத்தான் தங்கச்சி கணக்கு. அமெரிக்காவில ஜனாதிபதி வேட்பாளரையே சில இடங்களில இப்பிடித்தான் தெரிவு செய்யிறவை. காக்கஸ் எண்டு சொல்லுறது. மூலை மூலையாப் போய் நிக்கிறது. அவ்வளவு பெரிய நாட்டுக்குச் சரியெண்டால் எங்களுக்குச் சரியில்லையோ?"

போனை வைத்துவிட்டு அதைத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கேயும் சனம் இதே குறையைத்தான் சொல்லியிருக்கிறது: இரவு வேலைக்காரர் வர ஏலாது, கைக்குழந்தைக்காரி வர ஏலாது, முதலாளி பார்க்கப் பார்க்க எதிர்ப்பக்கம் நிற்க ஏலாது. செயலாளர் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. அல்லது வாசித்துவிட்டு வடிவாக மடித்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் பக்கம் வெல்லப் போதுமான ஆட்கள் வருவார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் பலம் பெண்கள். வந்ததும் வராததுமாக ஒரு இளம் தாய் என் கையைப் பிடித்தாள். அவளுடைய புருசனுக்குக் கொன்ராக்டரிடம்தான் வேலை.

"அக்கா, இவர் அங்கால நிப்பார். நான் உங்களோடதான். என்ர மாமிக்குப் புதன்கிழமை இல்லாட்டி விசர் பிடிச்சிடும். பிறகு எனக்குப் பிடிச்சிடும்" என்று சிரித்தாள்.

செயலாளர் வரவேற்புரை சொன்னார். கொன்ராக்டர் பேசினார். தோழி பேசினாள். பிறகு செயலாளர் மைக்கைத் தட்டி, "சரி, ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அலுவலைப் பாப்பம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நாங்கள் எழும்பினோம். ஹோலில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் குசினிக்குள் போனோம். ஒருத்தி கப் அடுக்கினாள், ஒருத்தி பால் பெட்டியை வெட்டினாள், நான் ரோல்ஸைச் சூடாக்கினேன். தலைவர் பதவிக்கு நின்ற என் தோழி கேத்திலுக்கு முன்னால் நின்று தேயிலைப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஒருவரையும் "நீ போய் இரு" என்று சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து பழக்கம். கால் தானாகப் போகிறது.

தண்ணீர் கொதிக்கிற சத்தத்துக்கு மேலால் கை தட்டல் கேட்டது.

தட்டத்தோடு வெளியே வந்தேன். கொன்ராக்டரின் பக்கம் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தோழிக்கென்று விட்ட சுவரோரம் சில ஆண்கள், என் மனுசன், இரண்டொரு பெடியள். நடுவில் செயலாளர் விரலை நீட்டி எண்ணி முடித்திருந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"தேத்தண்ணி வரமுன்னம் கெதியா முடிச்சிடுவம் எண்டு..."

"வேட்பாளர் குசினிக்குள்ள நிக்கிறா!"

"அதுக்கென்ன தங்கச்சி, அவவும் எங்கட ஆள்தானே."

பின்னுக்கு யாரோ, "ரோல்ஸ் ஆறப்போகுது, கொண்டாங்கோ" என்றான். சிலர் சிரித்தார்கள். நான் தட்டத்தை நிலத்தில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு. போட்டேன்.

நாங்கள் சத்தம் போட்ட பிறகு செயலாளர் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "சரி, சரி. திரும்ப நிப்பம். இதில என்ன இருக்கு?"

அதில்தான் எல்லாம் இருந்தது. திரும்ப நிற்பதென்றால் அந்தப் பக்கம் போய்விட்டவர்கள் கொன்ராக்டரின் கண்ணுக்கு முன்னால் ஹோலைக் கடந்து இந்தப் பக்கம் நடந்து வர வேண்டும். குசினியிலிருந்து வந்தவர்கள் புருசன்மாரைத் தாண்டி நடக்க வேண்டும். அவர் ஒன்றும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் புன்னகைத்தார். வேலை கொடுக்கிறவனின் புன்னகை போதும்.

இளம் தாய் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அவன் தலையை ஒருக்கால் அசைத்தான், மிகக் கொஞ்சம். அவள் அவனிடம் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். என்ன இருந்தாலும் வெல்லப்போகிற பக்கம்.

தோற்றோம். தோழி சிரித்துக்கொண்டு விலகினாள். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை.

காரில் தோழியைக் கேட்டேன். "அந்தாள் வேணுமெண்டுதானே தேத்தண்ணியைச் சொன்னவர்?"

"தெரியேல்லையடி. எங்களை எழும்பச் சொல்லேல்லையே. நாங்கள்தானே எழும்பினனாங்கள்."

எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. திட்டம் போட்டுச் செய்திருந்தால் ஒருவனைத் திட்டலாம். திட்டமே தேவைப்படாத அளவுக்கு நாங்கள் இருந்திருக்கிறோம். ஆனாலும் அந்தாள் திட்டம் போட்டதாகத்தான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பொதுக்கூட்டத்தில் கொன்ராக்டர் ஏகமனதாகத் தலைவரானார். முதல் அலுவலாகப் புதன்கிழமை ஹோலை நடன வகுப்புக்குக் கொடுக்கிற தீர்மானத்தை வாக்குக்கு விட்டார்கள்.

நான் எழும்பினேன். "இதைப் பக்கம் பக்கமா நிண்டு முடிவெடுக்க ஏலாது. பெட்டி வையுங்கோ. துண்டில எழுதிப் போடுவம்."

"இவ்வளவு சின்ன விசயத்துக்குப் பெட்டியோ?" செயலாளர் சுற்றிப் பார்த்தார். "முதல்ல ஒரு தேத்தண்ணியைக் குடிப்பம். பிறகு கதைப்பம்."

ஒருத்தியும் எழும்பவில்லை. நாங்கள் பேசி வைத்திருந்தோம் என்று பிறகு சொன்னார்கள். பொய். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கதிரைகள் ஒன்றும் அசையவில்லை. குசினிக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் வாசலைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், திரும்ப வாசலைப் பார்த்தார்கள்.

கடைசியில் தோழி எழும்பினாள். கெட்டுது போ, பழக்கம் விடாது என்று நினைத்தேன். அவள் குசினிக்குள் போனாள். கேத்தில் சுவிட்சை நிற்பாட்டிவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தாள்.

"பெட்டியை வைச்சிட்டுக் குடிப்பம், அண்ணை."

பெட்டி ஒன்று தேட வேண்டியிருந்தது. ரோல்ஸ் வந்த மட்டைப் பெட்டியைச் செயலாளர் எடுத்து வந்தார். நான் முன்னுக்குப் போய் அதை வாங்கிக் கவிழ்த்துத் தட்டினேன். பிறகு உள்ளே கையை விட்டுத் தடவியும் பார்த்தேன்.

"என்ன தங்கச்சி, என்னை நம்பேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

தீர்மானம் தோற்றது. புதன்கிழமை பிழைத்தது. தலைவர் மட்டும் கொன்ராக்டர்தான், இன்றைக்கும். துண்டுகளை விரித்து வாசித்தபோது அவர் முந்தின மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். இளம் தாய் மடியில் கிடந்த பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புருசன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.