மஞ்சள் கறைக்குச் சவுக்காரம் போட்டேன்

மஞ்சள் கறைக்குச் சவுக்காரம் போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

நான் போட்டேன்!

மஞ்சளாக இருந்த சட்டை ரத்தச் சிவப்பாகிவிட்டது!

அது என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டை. அவர் இறந்து வருஷத் திவசமும் கொடுத்துவிட்டோம்.

அவர் இருந்தபோது நடந்த கடைசி மாரியம்மன் திருவிழாவில், மஞ்சள் தண்ணி ஊற்றும் நாளில் போட்டிருந்தது. மதினிமார் சேர்ந்து அவரைக் குளிப்பாட்டியேவிட்டார்கள். (ஓடமாட்டார். ஓடுகிற மாதிரி நடிப்பார்!)

இந்தத் திருவிழாவுக்கு என் கொழுந்தன் வந்து கேட்டார்.

"மதினி, அண்ணன் சட்டைய நான் போட்டுக்கிறவா?"

கறையோடு எப்படிக் கொடுப்பது? தண்ணி விழும் பீலிக்குக் கொண்டுபோய் நன்றாகச் சவுக்காரம் தேய்த்தேன். சிவந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் துணியென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கருமாதியோடு கொடுத்துவிட்டோம்.

தண்ணி பிடிக்க வந்த பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா குசுமா குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஐயோ நங்கி, பய வென்ட எபா! பயப்படாத தங்கச்சி! மஞ்சளுக்குச் சவுக்காரம் பட்டா செவக்கும்தான். நல்லா அலசு, தேசிக்கா புழி, வெயில்ல போடு."

"வெயிலா? இங்கயா அக்கா?"

(இரத்தினபுரிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். காயப்போட்டால் மழை, எடுத்தால் வெயில்!)

அலசினேன். தேசிக்காய் புழிந்தேன். மழைக்கு உள்ளே, வெயிலுக்கு வெளியே என்று சட்டையோடு ஓடினேன். சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் நாளுக்கு நாள் வெளுத்து, சட்டை வெள்ளையானது! தேய்த்து மடித்துக் கொடுத்தேன்.

இன்றைக்கு மஞ்சள் தண்ணி நாள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் வராதே என்று சொல்லவில்லை. தாலி இல்லாதவள் மேல் யார் மஞ்சள் தண்ணி ஊற்றப்போகிறார்கள்?

கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் கொழுந்தன், அவர் மனைவி, பிள்ளைகள். சட்டை முழுக்க மஞ்சள் சொட்டுகிறது!

"அட பாவி! இப்பத்தானே வெளுத்துக் குடுத்தேன்!"

"அது கெடக்கட்டும். வெளிய வாங்க மதினி."

"எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?"

"அண்ணன் போனா நீங்க எனக்கு மதினி இல்லையா?"

அவர் மனைவி பின்னாலிருந்து கத்தினாள். "நல்லா ஊத்துங்க! அந்தத் திருவிழாவுல ஒங்க மேல வாளியோட கவுத்தவங்கதானே!"

நான் ஓடவில்லை. ஓடுகிற மாதிரி நடித்தேன்.

தலையோடு ஊற்றிவிட்டார்கள்!

போகும்போது கொழுந்தன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அடுத்த வருசத்துக்கு வெளுத்து வைங்க மதினி."

இப்போது கொடியில் என் வீட்டுக்காரர் சட்டையும் என் சேலையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. சவுக்காரம் போடவில்லை.

எங்க ஓப்பநாயக்கவில் நல்ல மழை. உங்க பக்கம் வெயில் இருக்கா?

இருந்தால் மெதுவாக அனுப்புங்க. அவசரமில்லை.