உப்புக் குளமும் ஒரு கை எண்ணெயும்

பசுமலையில் நான் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. குளத்துத் தண்ணீரைப் பற்றி என்னிடம் வாய்கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. நான் விட்டதும் இல்லை.

எங்களுடையது பழைய குளோரின் குளம். என் வீட்டுக்காரரின் தங்கை மகள் அதில்தான் பழகினாள். மாநில அணித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுக்குக் கண் சிவந்து எரிய ஆரம்பித்தது, தொண்டையும் கமறியது. என் நாத்தனார் சண்டைக்கே வந்துவிட்டாள்.

“மதினி, போதும். வண்டியூர்ப் பக்கம் உப்புக் குளம் தெறந்திருக்காகளாம். மருந்தே கெடையாதாம், வெறும் உப்புத்தானாம். அங்கன சேத்துவிடப் போறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “மருந்து இல்லாட்டிப் பாசி புடிச்சுப் போகும்டி. போடுற உப்பை மெசினு கரண்டை விட்டுக் குளோரினாத்தான் மாத்துது. நாங்க வாளியில கரைச்சு ஊத்துறோம், அங்க குழாய்க்குள்ளயே உண்டாகுது. அம்புட்டுத்தான் வித்தியாசம்.”

“ஆமா, நீங்க விட்டுக்குடுத்துட்டாலும்!” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நியாயமாகவே சொல்கிறேன். உப்புக் குளத்துத் தண்ணீர் உடம்புக்கு மெத்தென்று இருக்கும். கடல்போலக் கரிக்காது. குளோரின் சீராக ஊறுவதால், எங்கள் குளம்போல ஒருநாள் கூடி ஒருநாள் குறையாது. ஆனால் நம் ஊர் போர் தண்ணீருக்கு அந்த மெஷின் தகட்டில் சுண்ணாம்பு படியும், அடிக்கடி கழுவ வேண்டும். ஏணிக் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பத்தே நாளில் போன் வந்தது. “மதினி, அங்கயும் கண்ணு கோவப்பழமாட்டம் செவந்துபோச்சு. இவுக அப்பா நீச்சலே வேணாம்னுட்டாரு. புள்ள சாப்பிடாமக் கெடக்கு.”

பிள்ளையை நினைத்து மனசு கலங்கியது உண்மை. நான் சொன்னேனா இல்லையா என்று உள்ளுக்குள் ஒரு குஷி பொங்கியதும் உண்மை. “நாளைக்கு ஒருநாள் மட்டும் கூட்டிட்டு வா, நானும் வாரேன்” என்றேன். மறுநாள் காலை வண்டியூருக்கு ஸ்கூட்டியை விரட்டினேன்.

பிள்ளைகள் குளத்தில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை பையிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து, உள்ளங்கை நிறைய ஊற்றித் தலையில் அரக்கித் தேய்த்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் அவளிடம் வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள். முதலில் இறங்கியவர்களைச் சுற்றிக் குளத்தின் ஓரத்தில் ரசத்தின் மேல் மிதப்பதுபோல எண்ணெய் மினுமினுத்தது.

குளோரின் எந்த வழியில் வந்தால் என்ன, எண்ணெய் அதைத் தின்றுவிடும். பிறகு வியர்வையையும் அழுக்கையும் முழுசாகப் போக்க அதற்குத் தெம்பு இருக்காது. அரைகுறையாக அவற்றோடு சேர்ந்து நிற்பதுதான் கண்ணை எரிக்கிறது.

“ஏ புள்ள, எவ சொன்னா இம்புட்டு எண்ணெய் வைக்க?” என்று கத்தினேன்.

“நீங்கதான் அத்தை” என்றாள். “முடி செம்பட்டையாயிரும், எண்ணெய் வச்சுட்டு எறங்குன்னு மொத நாளே சொன்னீங்கள்ல.”

அவளிடம் மட்டுமா சொன்னேன்? பதினாறு வருஷமாக ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன். கண் எரிகிறது என்று யார் வந்தாலும், மருந்தைக் கூட்டிவிட்டாயா என்று குளம் பார்க்கும் ஆளைத்தான் திட்டியிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

“ரெண்டு தண்ணி மேலயும் தப்பில்லடி. எம் மேலதான்” என்றேன்.

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இதைக் கேக்கத்தான் வண்டியூர் வரைக்கும் வந்தேன் போல” என்றாள். ஆனால் “இவுக அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று பிள்ளையை என் வண்டியில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த நாள் முதல் எங்கள் குளத்து வாசலில் நான் ஷாம்பூவோடு நின்றேன். தலையைக் கழுவாமல் ஒருத்தியையும் உள்ளே விடவில்லை. குளம் பார்ப்பவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

தேர்வு நாளன்று அவள் இமையை விரித்துப் பார்த்தேன். கண் வெள்ளைவெளேரென்று இருந்தது.

“அத்தை, தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வச்சுக்கவா?” என்றாள்.

“போடி கழுதை” என்றேன். சிரித்துக்கொண்டே குளத்தில் குதித்தாள்.