குண்டத்துக்கு என் கால் வராது

ஸ்கேன் சுத்தமாக வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். முடி திரும்ப முளைத்தது, விட்ட செமஸ்டரை எழுதி டிகிரியையும் வாங்கிவிட்டேன். சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை படம் முடிந்தது. என் காலைப் பொறுத்தவரை இன்டர்வெல்கூட வரவில்லை.

கீமோ மருந்து கேன்சரைக் கொன்ற கையோடு நரம்புகளையும் ஒரு வழி பண்ணியிருந்தது. பாதம் மரத்துக் கிடக்கும்; அதே பாதம் திடீரென்று எரியவும் செய்யும். விரல் நுனியிலும் அதே கதை. பட்டனோடு மல்லுக்கட்ட முடியாமல் டி-ஷர்ட்டுக்கு மாறினேன். துடியலூர் பஸ் ஸ்டாப்பில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் ரோட்டையே தாண்டியிருக்கிறேன். போகப் போகக் குறையலாம், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெறுங்காலோடு நடக்கவே கூடாதாம். உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று தினமும் போனில் படம் எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த லட்சணத்தில் பல்லடம் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார். எனக்குக் குணமானால் அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் என்னைக் குண்டம் இறக்குவதாக வேண்டியிருந்தாராம். அதாவது, தணல் பரப்பிய குழியில் வெறுங்காலோடு நான் நடக்க வேண்டும்.

“காலு இன்னும் மரத்துத்தானுங்க இருக்குது, பெரிம்மா.”

“அப்ப உனக்கு லேசுதான கண்ணு. சூடே தெரியாது.”

“தெரியாதுங்க. ஆனா வெந்துபோயிருமுங்க.”

“செரி, பூவோடாச்சும் எடு. நெருப்புச் சட்டிக்கு அடியில வேப்பந்தழை வெச்சுக்கலாம்.”

“கையும் அப்படித்தானுங்க.”

“ஏஞ்சாமி, உனக்கு மரத்துப்போகாம எதுதான் இருக்குது?”

“வாயிங்க.”

“அது தெரியுது.”

அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை.

“டாக்டரே எல்லாம் போயிருச்சுன்னு சொல்லிப்போட்டாரு. நீ இன்னும் சீக்காளியாட்டவே பேசற.”

“வேண்டிக்கிட்டது நீங்கதானுங்க. நீங்களே எறங்குங்க.”

பெரியம்மா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா என்னை முறைத்தார். முறைக்கட்டும். நோய் போனது நிஜம், கால் கெட்டதும் நிஜம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நன்றி கெட்டவள் என்கிறார்கள். புண் வந்தால் கட்டுப்போட்டுக்கொண்டு கிடக்கப்போவது நான்தானே.

குண்டத்தன்று கோயிலுக்குப் போனேன். பயந்து பதுங்கிவிட்டாள் என்று ஒருத்தரும் பேசக் கூடாது. சுடிதாருக்குக் கீழே தடிமனான சாக்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ. வாசலுக்கு வெளியே ரோட்டோரமாக நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வெளியே வந்தார். ஈர மஞ்சள் சேலை, விளிம்பெல்லாம் சாம்பல். நிஜமாகவே அவரே இறங்கியிருக்கிறார். அவர் என் நெற்றியில் திருநீறு இழுத்துவிட்டார்.

“சுட்டுச்சுங்களா?”

“சுடாமயா? அந்தச் சூட்டுலதான் ஓட்டமா ஓடியாந்தேன்.” என் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். “நீயா இருந்தா மெதுவா நடந்திருப்ப.”

“ஆமாங்க.”

பக்கத்தில் வந்த ஊர்க்கார அம்மா ஒருவர், என்னைக் காட்டிக் கேட்டார்: “ஏனுங்க, பொண்ணுக்கு எல்லாம் நல்லாயிருச்சுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். “சீக்கு போயிருச்சுங்க. காலு இன்னும் ஆகல.”

அந்த அம்மா கோயில் வாசலையும் என் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.